குளம்பு அழற்சி கண்ட குதிரை: லாடமா, வெறுங்காலா?

என் கத்தியவாரி இனப் பெட்டைக் குதிரைக்கு முன்னங்கால் இரண்டிலும் குளம்பு அழற்சி வந்தபோது, பார்த்தவர்களெல்லாம் கேட்டது லாடம் கட்டுவதா, கழற்றிவிடுவதா என்றுதான். நானும் இரண்டு மாதங்களை அந்த விவாதத்திலேயே கழித்துவிட்டேன். உண்மையில் அது கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு.

முதலில் வலியும் தீனியும். குளம்பின் சுவரை உள்ளிருக்கும் குளம்பெலும்போடு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய அடுக்குகள்தான் இந்த நோயில் விட்டுப்போகின்றன. குளம்புக்கு மேலுள்ள கணுக்கால் மூட்டின் பின்புற ஓரத்தில் விரல் வைத்துப் பாருங்கள். நாடி துள்ளுகிறதென்றால் சுத்தியலை எடுக்கவே கூடாது. மருத்துவர் தரும் வலிமருந்து, ஆழமாகக் கொட்டிய மணல் படுக்கை, முழு ஓய்வு. தானியம், தவிடு, வெல்லம் மூன்றையும் நிறுத்துங்கள். உலர்புல்லை ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள். சர்க்கரையில் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

அடுத்தது எக்ஸ்ரே. நான் தவறியது இங்கேதான். அடையாளம் எதுவும் வைக்காமல் எடுத்த படத்தில் எலும்பு தெரிந்தது. ஆனால் அது வெளிச்சுவரிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அளக்க முடியவில்லை. லாடம் அடிப்பவர் கண் மதிப்பில் செதுக்கினார். குளம்பின் அடித்தளம் மெலிந்து, அவள் ஒரு வாரம் எழுந்து நிற்கவே அஞ்சினாள். ஆகவே குளம்பின் முன்சுவர் நெடுக, மயிர்க்கோட்டிலிருந்து தொடங்கி, ஒரு கம்பித் துண்டை ஒட்டுங்கள். அடியில் முக்கோணமாக மெத்தென்றிருக்கும் பகுதியின் நுனியில் ஒரு குண்டூசித் தலையளவு உலோகப் புள்ளியும் வேண்டும். இரு கால்களையும் ஒரே உயரமுள்ள மரக்கட்டைகளில் நிறுத்தி, நேர் பக்கவாட்டில் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செதுக்க வேண்டும். நீண்ட முன்விளிம்பைப் பின்னோக்கி அரத்தால் தேய்த்து, உயர்ந்த குதிப்பகுதியை எலும்பின் சாய்வுக்கு ஏற்பச் சற்றுச் சற்றாக இறக்குங்கள். அடித்தளத்தை மட்டும் தொடாதீர்கள். கத்தி வேண்டாம், பெரிய அரம்தான் என் விருப்பம். அவசரத்தில் அதிகமாக வெட்டிவிட முடியாது.

இனிதான் அந்தக் கேள்வி. எலும்புக்குக் கீழே அடித்தளம் 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல், எலும்பின் நுனியும் கீழ்நோக்கி அதிகம் திரும்பாமல் இருந்தால் வெறுங்கால் போதும். வெளியே நடத்தும்போது நுரை மெத்தை வைத்த குளம்புக் காலணி மாட்டுங்கள். கழற்றி மாற்றலாம், ஆணி வேண்டாம், வாராவாரம் குளம்பைப் பார்க்கவும் முடியும். அடித்தளம் மிக மெலிந்தோ எலும்பு கீழே இறங்கியோ காலணியிலும் நிற்க முடியாமல் தவித்தாலோ, மருத்துவரும் லாடம் அடிப்பவரும் சேர்ந்து முடிவு செய்யும் சிகிச்சை லாடம் தேவை. நடுப்பட்டை வைத்த இதய வடிவ லாடமாக இருக்கலாம், மரக்கட்டை லாடமாகவும் இருக்கலாம். ஆணியைவிடப் பசையில் ஒட்டுவதையே நான் வலியுறுத்துவேன்.

எதுவானாலும் நான்கைந்து வாரங்களுக்கு ஒருமுறை செதுக்க வேண்டும். குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். புதுச்சுவர் முழுதாக இறங்க ஓராண்டு ஆகலாம்.

பின்சேர்க்கை: மழைக்காலத்தில் காலணிக்குள் துர்நாற்றம் வருகிறது என்று மூவர் எழுதியிருந்தார்கள். இரவு பகலாக மாட்டியே வைத்திருப்பதால் ஈரம் தேங்கி அழுகுகிறது. நாள்தோறும் இரு வேளை கழற்றி, குளம்பைத் துடைத்துக் காயவிடுங்கள். மாற்று மெத்தை ஒரு ஜோடி கைவசம் இருக்கட்டும்; ஈர மெத்தையைத் திரும்பப் போடாதீர்கள்.