நிறுத்திய கேம்பர் வேனுக்கு முட்டுக் கொடுக்கும்போது செய்யும் தவறுகள்

கோவளம், முட்டுக்காடு பக்கம் சவுக்குத் தோப்புகளில் சனி, ஞாயிறுகளில், உள்ளேயே தங்கும்படி கட்டிய கேம்பர் வேன்கள் நிற்பதை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. புதிதாக வண்டி கட்டியவர்கள் அதற்கு முட்டுக் கொடுத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. சரிவில் நிறுத்தக் கூடாது, ஹேண்ட்பிரேக் போட வேண்டும் என்பதெல்லாம் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் திரும்பத் திரும்பச் செய்வதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முட்டு வைத்தே வண்டியைத் தூக்குவது

இதுதான் பணத்தையும் உயிரையும் கேட்கிற தவறு. இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று சேஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே இரண்டு திருகு முட்டுகளை வைத்து, மட்டம் வரும்வரை முறுக்கிக்கொண்டே போகிறார்கள். பின்சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பிவிடுகின்றன. ஃபோர்ஸ் டிராவலர் போன்ற வண்டியில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான். கியரில் போட்டு நிறுத்தினாலும் அந்தப் பிடிப்பும் பின்சக்கரம் வழியாகத்தான். இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடும். ஒரு பின்சக்கரம் மட்டும் தூக்கினாலே இரண்டு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சும்மா சுற்றவிடும். கியரின் பிடிப்பு அதோடு சரி. அப்படி நின்ற ஒரு வண்டியில், ஆள் படியில் கால் வைத்ததுமே வண்டி ஒரு சாண் முன்னே நகர்ந்தது. முட்டு இரண்டும் சாய்ந்து, ஒன்று டீசல் டேங்கின் அடித்தகட்டைக் குத்திவிட்டது.

வண்டி நகரவில்லை என்றாலும் சேதம் உண்டு. ஒரு மூலையை மட்டும் கூடுதலாக ஏற்றினால் சேஸ் முறுக்கிக்கொள்ளும். முதலில் காட்டிக்கொடுப்பது ஸ்லைடிங் கதவு: கடைசி அரை அங்குலத்தில் பூட்டு கொக்கியில் உட்காராமல் திரும்பி வரும். அப்படியே விட்டால் முன்கண்ணாடி ரப்பர் விலகி, ஐப்பசி மழையில் டேஷ்போர்டுக்குள் தண்ணீர் இறங்கும்.

வண்டியை மட்டமாக்குவது சக்கரத்துக்குக் கீழே வைக்கும் பலகை. முட்டுக்கு உள்ள வேலை, உள்ளே நடக்கும்போது ஸ்பிரிங் ஆடுவதை நிறுத்துவது மட்டும்தான். வரிசை இதுதான்:

ஒரு மீட்டர் அலுமினியப் பட்டியை வண்டியின் தரையில் நீளவாக்கில் வைத்து, மேலே ரசமட்டம் வையுங்கள். தாழ்ந்த முனையைக் குமிழி நடுவே வரும்வரை தூக்கி, அந்த இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தால் அதைப் பெருக்கினால் பலகையின் உயரம் கிடைக்கும். இடைவெளி 15 மில்லிமீட்டர், சக்கர இடைவெளி 3.35 மீட்டர் என்றால் 50 மில்லிமீட்டர். குறுக்குவாக்கிலும் இப்படியே, இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

பலகை டயரைவிட அகலமாக இருக்க வேண்டும். பின்னால் இரட்டை டயர் என்றால் இரண்டுக்கும் கீழே கொடுங்கள். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் அந்த டயரே மொத்தப் பாரத்தையும் சுமக்கும். வண்டியை ஓட்டித்தான் பலகை மேல் ஏற்ற வேண்டும். பிறகு ஹேண்ட்பிரேக், முதல் கியர், சக்கரத்தின் முன்னும் பின்னும் ஆப்பு. எல்லாம் முடிந்த பிறகே முட்டு.

முட்டு சேஸின் நீளச் சட்டத்தை, பின் ஆக்சிலுக்கு அருகே, தொடும்வரை கையால் திருகி, ஸ்பானரில் ஒரு சுற்று, மிஞ்சிப்போனால் இரண்டு சுற்று கொடுங்கள். எம்24 மரையில் (24 மில்லிமீட்டர் விட்டம்) ஒரு சுற்றுக்கு 3 மில்லிமீட்டர் ஏறும், அது போதும். டயரின் அடியில் பிதுக்கம் அப்படியே இருக்க வேண்டும். பிதுக்கம் மறைந்திருந்தால் அதிகமாகத் திருகிவிட்டீர்கள், தளர்த்துங்கள்.

சின்ன அடித்தகடு

ஒரு முட்டில் 500 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தகடு 10க்கு 10 சென்டிமீட்டர் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. கடற்கரை மணலில் அது புதைந்துகொண்டே போகும். அடியில் 40க்கு 40 பிளைவுட் பலகை போட்டால் அதே பாரம் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ சொச்சமாகக் குறைகிறது. 18 மில்லிமீட்டர் மரைன் பிளை இரண்டை ஒட்டி, திருகாணி போட்டுக்கொண்டால் வளையாது. தார்த் தளத்திலும் இந்தப் பலகை வேண்டும். கத்திரி வெயிலில் தார் இளகி, தகடு உள்ளே போய்விடும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண்ணில் மழை பெய்தால், காலையில் மறுபடியும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

ஹாலோ பிளாக்

வேண்டவே வேண்டாம். சுவரில் பரவலாக வரும் பாரத்தைத் தாங்கும். ஒரே புள்ளியில் அழுத்தினால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

ஹைட்ராலிக் ஜாக்கியை இரவெல்லாம் விட்டுவைப்பது

சீல் கசியும், ஜாக்கி இறங்கும். அது தூக்குவதற்கு மட்டும்.

வின்கருக்கும் இதே இடம் என்று நினைப்பது

டாடா வின்கருக்குத் தனி சேஸ் கிடையாது, உடலே சட்டம். கம்பெனி குறித்துள்ள ஜாக்கிப் புள்ளிகளைத் தவிர வேறெங்கே முட்டினாலும் அடித்தகடு உள்ளே குழியும்.

இடைக்கட்டையோடு கிளம்புவது

சிலர் தரையிலிருந்து முட்டாமல், ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவே கட்டை செருகி ஸ்பிரிங்கைப் பூட்டிவிடுகிறார்கள். கட்டை கையால் நுழைகிற அளவில் இருந்தால் நல்ல முறைதான். சுத்தியலால் அடித்து இறக்கக் கூடாது. ஆனால் அதை எடுக்காமல் ஓட்டினால் முதல் வேகத்தடையிலேயே மொத்த அடியும் சேஸில் இறங்கி வெல்டிங் விடும். கட்டையில் சிவப்புக் கயிறு கட்டி, மறுமுனையை ஸ்டீயரிங்கில் சுற்றிவிடுங்கள். கயிற்றை அவிழ்க்காமல் வண்டியைத் திருப்ப முடியாது.

ஃபிரிட்ஜை மறப்பது

12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் கொஞ்சம் சாய்வைப் பொறுத்துக்கொள்ளும். கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் பொறுக்காது. அதில் அமோனியா புவியீர்ப்பால்தான் சுற்றி வருகிறது. சாய்ந்தால் ஓட்டம் நின்று, கொதிகலன் அளவுக்கு மீறிச் சூடாகி, குழாய் நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். இந்த வகை ஃபிரிட்ஜ் இருந்தால் ரசமட்டத்தை ஃபிரிட்ஜின் உள்தட்டிலேயே வைத்துப் பாருங்கள். வண்டித் தரையும் அதுவும் ஒரே மட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும் என்று நம்ப வேண்டாம்.

மரைக்கு கிரீஸ் போடாதது

உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் இறுகிவிடும். திருகி முடித்ததும் வெளியே தெரியும் மரையில் கிரீஸ் தடவி, பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிவிடுங்கள்.