நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையிலிருந்து ஒரு புத்தகம் களவு போனால் அந்த ஒன்றோடு நட்டம் முடிந்துவிடும். களவுப் புத்தகத்தைத் தெரியாமல் வாங்கிப் போட்டால் கொடுத்த பணமும் போகும், புத்தகமும் போகும், கடையின் பெயரும் கெடும். பல நாடுகளில் களவுப் பொருள் உரியவருக்கே திரும்பிப் போகும். வாங்கியவருக்குக் காசு வராது. ஆகவே விற்கும் நேரத்தைவிட வாங்கும் நேரத்தில்தான் கண் கூடுதலாக வேலை செய்ய வேண்டும்.

பையைத் திறக்காமல் எடை போட்டு வாங்குவது பெரிய தவறு. ஒவ்வொரு புத்தகத்திலும் ஐந்து இடங்களைப் பாருங்கள்: முன்னட்டையின் உட்புறம், தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசிப் பக்கம், மூடியிருக்கும்போது தெரியும் தாள் விளிம்பு. நூலக முத்திரை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். பல நூலகங்கள் நடுவில் ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் முத்திரை குத்தி வைக்கின்றன. களவாடுபவர் தலைப்புப் பக்கத்தைக் கிழிப்பார், உள்ளே இருப்பதை விட்டுவிடுவார். அதனால் நடுப்பக்கங்களையும் விரலால் ஓட்டிப் பாருங்கள். சந்தேகமான பக்கத்தை வெயிலுக்கு நேரே பிடித்தால், முத்திரையைச் சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் அதிகமாக ஊடுருவும். முதுகின் அடிப்பகுதியில் எண் சீட்டை உரித்த சதுரத் தடமும் ஒரு அடையாளம்.

முத்திரை இருந்தாலே களவு என்று முடிவு கட்டுவதும் தவறு. நூலகங்கள் பழையதைக் கழித்து விற்பது வழக்கம். அப்போது 'நீக்கப்பட்டது' என்ற முத்திரை கூடுதலாக விழும். ஆனால் அந்த முத்திரையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் கார்னெகி நூலகத்திலிருந்து அரிய நூல்களும் வரைபடங்களும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறிது சிறிதாக வெளியே போயின. 2017இல் கணக்கெடுத்தபோதுதான் அது தெரிந்தது. எடுத்துக் கொடுத்தவர் அந்த நூலகத்தின் ஊழியர். வாங்கி விற்றவர் ஒரு பழைய நூல் வியாபாரி. நீக்கப்பட்டதாகக் காட்டும் முத்திரையைக் குத்தியதே அந்த வியாபாரிதான். விலை உயர்ந்த நூல் என்றால் நூலகத்துக்கே ஒரு போன் போட்டு, புத்தகத்தில் உள்ள பதிவு எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

தனித் தாளாக வரும் பழைய வரைபடங்களிலும் படங்களிலும் கவனம் வேண்டும். ஒரு பக்க விளிம்பு மட்டும் பிளேடால் அறுத்ததுபோல நேராக இருந்தால், அது ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து வெட்டப்பட்டதாக இருக்கலாம். 2005இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் தரையில் கிடந்த ஒரு பிளேடுதான் வரைபட வியாபாரி ஒருவரைக் காட்டிக்கொடுத்தது. 97 வரைபடங்களைத் திருடியதாக அவர் ஒப்புக்கொண்டார்.

ஒரே தலைப்பில் கசங்காத ஆறேழு பிரதிகள் வந்தாலும், வேறு வேறு மாணவர் பெயர் எழுதிய பாடநூல்கள் ஒரே பையில் வந்தாலும் விசாரியுங்கள். 'இதில் எதைப் படித்தீர்கள்?' என்ற சாதாரணக் கேள்வி போதும். உரியவர் நின்று பேசுவார். மற்றவர் விலையைப் பற்றி மட்டுமே பேசுவார். சந்தேகம் வந்தால் குற்றம் சாட்டாதீர்கள். 'இந்த வகை இங்கே ஓடாது' என்று திருப்பிக் கொடுங்கள். தெருவில் தனியாக உட்கார்ந்திருப்பவர் சண்டைக்குப் போகவே கூடாது. வாங்கிய ஒவ்வொரு கட்டுக்கும் தேதி, கொடுத்தவர் பெயர், தொலைபேசி எண், எத்தனை புத்தகம், எவ்வளவு பணம் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். போலீஸ் வந்து கேட்டால் உங்கள் பக்கம் பேசப்போவது அந்த நோட்டுதான்.

அனுமதியில்லாமல் அச்சடித்த திருட்டுப் பிரதியைக் கண்டுபிடிக்க ஐஎஸ்பிஎன் எண்ணை, அதாவது நூலின் பதிப்புக்குத் தரப்படும் அடையாள எண்ணை, சரிபார்ப்பதால் பயனில்லை. அசல் எண்ணையே அப்படியே நகலெடுத்திருப்பார்கள். அட்டைப் படத்தின் மங்கல், மறுபக்க எழுத்து தெரியும் மெல்லிய தாள், சாய்ந்து விழுந்த வரிகள், விட்டுப்போன பக்கங்கள் இவற்றைப் பாருங்கள்.

விற்கும் பக்கம் வரும் தந்திரங்கள் பழையவைதான். ஒருவர் அடுக்கின் அடியில் இருப்பதைக் கேட்டு உங்களைக் குனிய வைப்பார், கூட வந்தவர் கையில் இருப்பதைப் பைக்குள் போடுவார். விலை கூடியவை எப்போதும் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு அடுக்கில் பதினைந்துக்கு மேல் வைத்தால் எது எடுத்தாலும் சரியும், கவனமும் சிதறும். விலைச் சீட்டு ஒட்டினால் மாற்றி ஒட்டிவிடுவார்கள்; முதல் பக்க மூலையில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பெரிய நோட்டு கொடுத்தவர் பாதியில் 'இருங்கள், சில்லறையாகவே தருகிறேன்' என்று குழப்பினால், எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து முதலிலிருந்து தொடங்குங்கள். மீதி கொடுத்து முடியும்வரை அவர் தந்த நோட்டைப் பெட்டிக்குள் போடாதீர்கள். கியூஆர் அட்டையின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று கடை விரிக்கும்போதே தடவிப் பாருங்கள். பணம் வந்ததா என்பதற்கு வாங்குபவரின் திரை சாட்சி ஆகாது, உங்கள் போனில் வர வேண்டும்.

இத்தனை எச்சரிக்கையும் சேர்ந்து, நின்று புரட்டுபவர் எல்லோரையும் முறைக்க வைத்துவிடக் கூடாது. பத்துப் பக்கம் நின்று படிப்பவர்தான் திரும்பி வருவார். அவரை விரட்டுவது களவைவிடப் பெரிய நட்டம்.

கடைசியாக, வாங்கிய புத்தகத்தை உதறாமல் அடுக்காதீர்கள். முதுகை மேலாகப் பிடித்து, தாள்களைக் கீழே தளரவிட்டு மெதுவாக அசைத்தால் உள்ளே இருப்பது விழும். கடிதம், புகைப்படம், சான்றிதழ், சில நேரம் பணம். நோட்டில் எழுதிய தொலைபேசி எண் அப்போது மறுபடி உதவும். அழைத்துச் சொல்லுங்கள், ஒரு மாதமாவது தனி உறையில் எடுத்து வையுங்கள்.