பழைய ஆர்.சி. கார் பாகம்: வார்த்ததா, கடைந்ததா? புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

மூர் மார்க்கெட் பக்கம் பழைய ரிமோட் கார் ஒன்று சிக்கினால் போதும், அன்று மாலையே "இது முழு உலோகக் கட்டியிலிருந்து கடைந்த அலுமினியம்" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. புதிதாக இதில் இறங்கும் பிள்ளைகள் வருஷா வருஷம் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். திருகைத் தொலைப்பது, பாகத்தை மாற்றி மாட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் போகப் போகத் தானாகப் பழகிவிடும். பாகம் எப்படிச் செய்யப்பட்டது என்பதில் தப்புக்கணக்குப் போட்டால்தான் பாகமே போய்விடும்.

லேத் வரியைப் பார்த்ததும் முடிவு கட்டுவது

டை காஸ்டிங், அதாவது உருக்கிய உலோகத்தை உலோக அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்த்த பாகம், அச்சிலிருந்து வந்த கையோடு வண்டியில் ஏறாது. பேரிங் உட்காரும் குழி, மரை, இரண்டு பாதி சேரும் முகம் ஆகியவற்றைப் பிறகு கடைந்துதான் அளவுக்குக் கொண்டுவருவார்கள். அங்கே வட்ட வட்டமாக டூல் வரி இருக்கத்தான் செய்யும். அதை மட்டும் பார்த்துவிட்டு முழுப் பாகமும் கடைந்தது என்று சொல்லக் கூடாது.

வியாசர்பாடி லேத் பட்டறைக்கு வந்த ஒரு சாண்ட் ஸ்கார்ச்சர் கியர்பாக்ஸின் கதி இதுதான். ஜப்பானின் டாமியா நிறுவனம் 1979இல் வெளியிட்ட அந்த ரிமோட் வண்டியின் கியர்பாக்ஸ் உறை டை காஸ்டிங். வைத்திருந்த பையன் பேரிங் குழியில் வரியைப் பார்த்துவிட்டு, தங்க நிறம் ஏற்ற அனோடைசிங்குக்கு (மின்சாரத்தால் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஏற்றிச் சாயம் போடுவது) அனுப்பிவிட்டான். திரும்பி வந்தபோது உறை முழுக்கக் கரிப்பூச்சு போலத் திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம். அனோடைசிங்குக்கு முன் முக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் அலுமினியம் கரைந்து, வார்ப்புக் கலவையில் உள்ள சிலிக்கான் கரையாமல் மேலே நின்றுவிட்டது. ஜப்பானில் பரவலாகப் புழங்கும் ஏடிசி12 வார்ப்புக் கலவையில் சிலிக்கான் மட்டும் 9.6 முதல் 12 சதவீதம். அதற்குச் சாயம் ஏறாது. அதைவிட மோசம், பேரிங் குழியும் அரித்துப் பெரிதாகி, பேரிங் லொடலொடவென்று ஆடியது. அசல் உறை ஒன்று வீண். இதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது. பத்து நிமிஷம் உள்பக்கத்தைப் பார்த்திருந்தால் தப்பித்திருக்கும்.

பார்க்க வேண்டியது யாரும் மெருகு போடாத இடத்தை. உறையைப் பிரித்து உட்சுவரில் சாய்வாக டார்ச் அடியுங்கள். சின்னச் சின்ன வட்டத் தடம் தெரிந்தால், அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிவிட்ட எஜெக்டர் பின்னின் அடையாளம். இரண்டு அச்சு சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். அடுத்து, வெர்னியர் காலிப்பரால் சுவரின் கனத்தை அடியிலும் நுனியிலும் அளந்து பாருங்கள். அச்சிலிருந்து கழல வேண்டுமென்பதால் வார்ப்புச் சுவர் மேலே போகப் போக மெலியும்: 20 மி.மீ. உயரத்துக்கு ஒரு டிகிரி சரிவென்றால் ஒரு பக்கத்துக்கு 0.35 மி.மீ. குறையும். மில்லிங்கில் குடைந்த சுவர் பெரும்பாலும் அடி முதல் நுனி வரை ஒரே கனம்.

உலோகம் எது என்று சந்தேகமிருந்தால் எடை பாருங்கள். பேரிங், திருகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 0.01 கிராம் காட்டும் தராசில் முதலில் உலர்ந்த எடையைக் குறியுங்கள். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, பாகத்தை நூலில் கட்டி, அடி தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். இப்போது காட்டும் எண்ணால் உலர்ந்த எடையை வகுத்தால் 2.7 பக்கம் வந்தால் அலுமினியம், 6.6 பக்கம் வந்தால் துத்தநாகக் கலவை. மரைக்குள் காற்றுக்குமிழி நின்றால் கணக்கு கெடும். ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் போய்விடும். ஆனால் வார்த்த அலுமினியத்துக்கும் கடைந்த அலுமினியத்துக்கும் எடையில் வித்தியாசம் தெரியாது. அதற்குத் தடமும் சரிவும்தான் சாட்சி.

சக்கரத்தைத் தாங்கும் வார்ப்புக் கை (சஸ்பென்ஷன் ஆர்ம்) வளைந்திருந்தால், அதைப் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தப் போகாதீர்கள். விரிசல் விடும்.

சொரசொரப்பைக் கண்டு மணல் வார்ப்பு என்பது

ராயபுரம், காசிமேடு வீடுகளில் திறந்த அலமாரியில் கிடந்த பாகத்தை உப்புக்காற்று அரித்துக் குழி குழியாக்கிவிடும். மணல் அச்சில் வார்த்த பாகத்தின் சொரசொரப்பு கடையாத இடமெங்கும் ஒரே மாதிரி பரவியிருக்கும். அரிப்போ, காற்றுப் படும் பக்கம் அதிகமாகவும் திருகுத் தலைக்கு அடியில் குறைவாகவும் இருக்கும். திருகைக் கழற்றிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

நிறம் ஏறியிருந்தால் கடைந்ததுதான் என்பது

இல்லை. 1984இல் வந்த அசோசியேட்டட் நிறுவனத்தின் ஆர்சி10 என்ற ரிமோட் காரின் தங்க நிறச் சேசிஸ், அலுமினியத் தகட்டை வளைத்து உருவாக்கியது. பிரஸ்ஸில் வெட்டிய தகட்டின் விளிம்பை லென்ஸில் பாருங்கள். ஒரு பக்கம் மழுங்கிய ஓரம், பிறகு பளபளப்பான பட்டை, பிறகு கிழிந்த சொரசொரப்பு, மறுபக்கம் பிசிறு.

பிளாஸ்டிக் பல்சக்கரத்தைத் தீயில் காட்டிச் சோதிப்பது

பாகமும் கெடும், அசிட்டல் என்ற பிளாஸ்டிக் எரிந்தால் ஃபார்மால்டிஹைடு வாயுவும் வரும். 100 மில்லி தண்ணீரில் 36 கிராம் உப்பைக் கரைத்து அதில் போடுங்கள். சாதா நைலான் மிதக்கும், அசிட்டல் மூழ்கும். கண்ணாடி இழை கலந்த நைலானும் மூழ்கக்கூடும் என்பதால், மூழ்கியதை உடனே அசிட்டல் என்று எழுதிவிடாதீர்கள்.

கறுப்புத் தட்டெல்லாம் கார்பன் என்பது

மல்டிமீட்டர் முனைகளை வெட்டிய விளிம்பில் அழுத்துங்கள். கார்பன் இழைத் தட்டு என்றால் மின்சாரம் கடத்தும், கண்ணாடி இழைத் தட்டு கடத்தாது.

அச்சில் பதிந்த ஆண்டை நம்புவது

அது பெரும்பாலும் அச்சு செய்த ஆண்டு. அதே அச்சில் பல வருஷம் கழித்தும் பாகம் வார்க்கலாம்.

டை காஸ்டிங் என்றாலே முதல் வெளியீடு என்பது

சாண்ட் ஸ்கார்ச்சர் 2010இல் மறுபடி வந்தது. அதிலும் உலோக வார்ப்புப் பாகங்கள் உண்டு.