பழைய குதிரைச் சேணம் விற்பது எப்படி? முதன்முறை விற்பவர்களுக்கு

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சேணம் வாங்குபவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். குறையை மறைத்து விற்றால் நிற்காது. வாங்க வருபவர் என்னென்ன சோதிப்பாரோ, அதையெல்லாம் முதலில் நீங்களே சோதித்துவிடுங்கள்.

1. உள்சட்டம்

சேணத்துக்குள் இருக்கும் சட்டத்தைத் தொழுவங்களில் 'ட்ரீ' என்பார்கள். அது உடைந்திருந்தால் குதிரையின் முதுகு புண்ணாகும். சவாரிக்கென்று அதை விற்கவே கூடாது.

பின்மேட்டை (இருக்கையின் பின்னால் உயர்ந்திருக்கும் பகுதி) உங்கள் வயிற்றில் முட்டுக்கொடுத்து, முன்மேட்டை (முன்னால் உயர்ந்திருக்கும் பகுதி) இரண்டு கைகளாலும் உங்கள் பக்கம் இழுங்கள். லேசாக வளைந்து பழைய நிலைக்குத் திரும்பினால் பரவாயில்லை, வளைந்து கொடுக்கும் 'ஸ்பிரிங் ட்ரீ' சட்டம் அப்படித்தான். இருக்கையின் குறுக்கே ஆழமான மடிப்பு விழுந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் அதிகம் வளைந்தாலோ கவனம் தேவை. அடுத்து முன்மேட்டின் இரு கால்களையும் விரித்து, நெருக்கிப் பாருங்கள். அசைவோ 'கிளிக்' சத்தமோ வந்தால், சேணம் தைப்பவரிடம் காட்டிய பிறகே மற்ற வேலை.

2. வார்களும் பஞ்சும்

வயிற்றுவார் மாட்டும் வார்களைப் பின்பக்கமாக மடித்தால் வெடிப்பு தெரியும். ஓட்டைகள் நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் மாற்றிவிடுங்கள், அல்லது விளம்பரத்தில் எழுதுங்கள். ஓடும் குதிரையில் அறுந்தால் ஆள் விழுவார். சேணத்தைக் கவிழ்த்து இரு பக்க மெத்தையையும் அழுத்துங்கள். கட்டி தட்டியிருந்தால் மறுபடி பஞ்சு நிரப்ப வேண்டும்.

3. பூசணம்

நம் ஊர் ஈரப்பதத்தில் சில வாரம் அலமாரியில் கிடந்தாலே தோலில் வெள்ளை பூத்துவிடும். வீட்டுக்கு வெளியே வைத்து, காய்ந்த துணியால் முதலில் துடைத்தெடுங்கள். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, கண்ணில் படாத ஓரிடத்தில் தடவிப் பார்த்து, நிறம் மாறாவிட்டால் முழுவதும் துடையுங்கள். காய்ந்ததும் சேடல் சோப், அதாவது தோல் சேணத்துக்கான சோப். ஸ்பாஞ்ச் பிழிந்த ஈரத்தில் இருந்தால் போதும், நுரை பொங்கினால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். மடிப்புகளிலும் தையல் ஓரங்களிலும் பழைய டூத் பிரஷ் உதவும்.

வெயிலில் காயவைக்காதீர்கள், தோல் விறைத்து வெடிக்கும். மின்விசிறிக் காற்று போதும். கடைசியில் தோல் பொருளுக்கான கண்டிஷனர், மெல்லிய ஒரே பூச்சு. மினுமினுக்க எண்ணெய் ஊற்றுவதுதான் பெரிய தவறு: தோல் தொய்யும், தையல் இற்றுப்போகும், வாங்குபவரின் கால்சட்டையில் கறை படியும். விற்கும்வரை பருத்தி உறையில் வையுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம்.

4. அளவு

முன்மேட்டின் ஓரத்தில் உள்ள ஆணித்தலையிலிருந்து பின்மேட்டின் நடுவரை டேப் பிடியுங்கள். அதுதான் இருக்கை அளவு, அங்குலத்தில்: பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 16.5 முதல் 18 வரை. உள்சட்டத்தின் அகலமும் வரிசை எண்ணும் பெரும்பாலும் இருக்கையின் பக்கத்திலுள்ள சிறு மடலுக்கு அடியிலோ வார்களுக்குப் பக்கத்திலோ அச்சடித்திருக்கும். எந்த வகை என்றும் எழுதுங்கள்: டிரெஸாஜா (குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் சவாரி), ஜம்பிங்கா (தடை தாண்டுதல்), பொதுச் சவாரியா. பந்தயச் சேணம் முற்றிலும் வேறு, சவாரி பழகுபவருக்கு உதவாது.

5. படம், விலை

கார் போர்ச் நிழலில் எடுங்கள்: இரு பக்கம், முன், பின், மேல், அடிப்பக்கம், வார்கள், வரிசை எண். கீறல்களைக் கிட்டத்தில் எடுங்கள். அடிப்பக்கப் படம் இல்லாத விளம்பரத்தை அனுபவசாலிகள் கடந்து போய்விடுவார்கள்.

விலைக்கு முடா, கேரோசெல் ஆகிய இணைய விற்பனைத் தளங்களில் அதே மாடலைத் தேடுங்கள். கடை விலையில் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். வார் மாற்றும் செலவு இருந்தால் கழித்துவிடுங்கள்.

6. முன்னோட்டம், பணம், அனுப்புதல்

குதிரைக்குப் பொருந்துமா என்று வைத்துப் பார்க்காமல் யாரும் வாங்கக் கூடாது, அதனால் முன்னோட்டத்துக்கு மறுக்காதீர்கள். முழுத் தொகையையும் முன்பணமாகப் பெற்று, எத்தனை நாள், சேதமானால் யார் பொறுப்பு என்று வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்ளுங்கள். அடியில் சுத்தமான மெல்லிய துணி போட்டே வைக்கச் சொல்லுங்கள். பணம் வந்ததா என்று உங்கள் வங்கிச் செயலியில் பாருங்கள், ரசீதுப் படத்தை நம்பாதீர்கள்.

தூரத்துக்கு அனுப்பினால் பக்க மடல்களை உள்ளே மடிக்காதீர்கள், மடிப்புத் தடம் போகாது. பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதைக் கிலோவாக வைத்துக் கட்டணம் போடுவார்கள். 60×50×50 பெட்டி 30 கிலோவாகிவிடும், சேணம் சில கிலோதான் இருந்தாலும். விலை பேசும்போதே அந்தச் செலவு யாருடையது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.