மொத்த மார்க்கை விடுங்கள், கேள்விவாரியாகப் பாருங்கள்: கற்றல் தரவைப் பயன்படுத்தும் முறை

இடைப்பருவத் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் தயாராகிறது. வகுப்புச் சராசரி 54, தோல்வி 9 பேர். தலைமையாசிரியர் மேசைக்குப் போகும், பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கப்படும். ஆனால் அந்தச் சராசரியை வைத்து அடுத்த திங்கட்கிழமை முதல் பாடவேளையில் எதை மாற்றுவது என்று கேட்டால் பதில் இல்லை. பதில் இருந்தது விடைத்தாளுக்குள்ளே. எல்லாவற்றையும் கூட்டி முதல் பக்கத்தில் வட்டம் போட்டபோது அது தொலைந்துவிட்டது.

கற்றல் தரவு என்றதும் பெரிய மென்பொருளும் வண்ண வண்ண வரைபடங்களும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் முதல் ஆண்டுக்குத் தேவை ஒரு கூகுள் ஷீட் அல்லது எக்செல், மாதத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு தெளிவான கேள்வி. 'இதைப் பார்த்து எந்த முடிவை மாற்றப் போகிறோம்?' என்பதுதான் அந்தக் கேள்வி. அதற்கு விடை சொல்லமுடியாத தரவைச் சேகரிக்கவே வேண்டாம்.

தாளை அமைப்பது

ஒரு மாணவருக்கு ஒரு வரி, ஒரு கேள்விக்கு ஒரு நெடுவரிசை. 40 பேர், 20 கேள்வி என்றால் 800 கட்டங்கள். ஒருவர் வாசிக்க இன்னொருவர் தட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மேல்வரியில் ஒவ்வொரு கேள்விக்கும் முழு மதிப்பெண்ணையும், அது எந்தப் பாடப்பகுதி என்பதையும் எழுதுங்கள். கடைசி நெடுவரிசையில் கூட்டுத்தொகை வரட்டும். அது விடைத்தாளின் முகப்பில் உள்ள மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஒன்று தட்டச்சுப் பிழை, இல்லையென்றால் தாள் திருத்தியபோது கூட்டலில் வந்த பிழை. இரண்டையும் அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம்.

மாணவரைப் பெயரால் அடையாளப்படுத்தாதீர்கள். 'முத்துலட்சுமி' ஒரு தாளில், 'முத்துலக்ஷ்மி' இன்னொரு தாளில் என்று வந்தால் கணினிக்கு அவர்கள் இருவர். வரிசை எண்ணோ எமிஸ் எண்ணோ (பள்ளிக் கல்வித்துறை மாணவருக்குத் தரும் எண்) போடுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு: எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். அதைவிட நீளமான எண்ணை அப்படியே தட்டினால் 16-ஆவது இலக்கத்திலிருந்து எல்லாம் பூஜ்யமாகிவிடும், எச்சரிக்கையும் வராது. அதனால் அந்த நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தட்ட வேண்டும்.

அடுத்து, தப்பாக எழுதியதும் எழுதாமல் விட்டதும் ஒன்றல்ல. தப்புக்கு 0, விட்டதற்கு 'வி', தேர்வுக்கே வராதவருக்கு வரி முழுக்க 'வரவில்லை' என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஃபார்முலா எழுத்துள்ள கட்டங்களையும் காலிக் கட்டங்களையும் கணக்கில் சேர்க்காது. எனவே பாதிப்பேர் தொடாத கேள்விகூட எளிய கேள்வி போலத் தெரியும். இதைத் தவிர்க்க, பதிவுத்தாளை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு நகல் தாளில் 'வி' எல்லாவற்றையும் 0 ஆக்கி, வராதவர்களின் வரிகளை நீக்கிக் கணக்கிடுங்கள். 'ஏதேனும் ஐந்துக்கு விடையளி' வகைக் கேள்விகளில் மட்டும் எழுதியவர்களுக்குள்ளேயே சராசரி பார்த்து, எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும்.

இரண்டு எண்கள் போதும்

முதலாவது எளிமை எண்: அந்தக் கேள்விக்கு வகுப்பு எடுத்த சராசரியை முழு மதிப்பெண்ணால் வகுத்தால் வரும். 0.9 என்றால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரிகிறது, 0.3 என்றால் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது பிரித்தறியும் எண்: நன்றாகப் படிப்பவர்களையும் மற்றவர்களையும் அந்தக் கேள்வி எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பது. வகுப்பை மொத்த மதிப்பெண்படி வரிசைப்படுத்தி மேலே 27 விழுக்காடு, கீழே 27 விழுக்காடு எடுங்கள். 40 பேருக்கு 11, 11. (இந்த 27-ஐ 1939-இல் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ட்ரூமன் கெல்லி கணக்குப்போட்டுக் காட்டினார், இன்றுவரை அதுவே வழக்கம்.) இரண்டு மதிப்பெண் கேள்வியில் மேல் 11 பேரின் சராசரி 1.6, கீழ் 11 பேரின் சராசரி 0.5 என்றால், வித்தியாசம் 1.1, அதை 2-ஆல் வகுத்தால் 0.55. இது நல்ல கேள்வி. 0.3-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 0.2-க்குக் கீழே போனால் கேள்வியை மறுபடி வாசித்துப் பாருங்கள். எல்லோரும் சரியாக எழுதிய எளிய கேள்விக்கும் இது சிறிதாகத்தான் வரும், அது குற்றமல்ல. கழித்தல் குறியோடு வந்தால், அதாவது நன்றாகப் படிப்பவர்கள் தப்பும் மற்றவர்கள் சரியும் செய்திருந்தால், பிள்ளைகளைக் கேட்பதற்கு முன் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். பெரும்பாலும் தப்பு அங்கேதான் இருக்கும், அல்லது கேள்வி இரண்டு பொருள்படும்படி அமைந்திருக்கும்.

தப்பான விடைதான் பாடம் சொல்லும்

இந்த வேலையில் மிகுந்த பலன் தருவது இந்தப் பகுதி. அவசரத்தில் பலரும் தாண்டிப்போய்விடுவதும் இதையே. எளிமை எண் 0.4-க்குக் கீழே உள்ள கேள்விகளை மட்டும் எடுத்து, யார் என்ன எழுதினார்கள் என்று எண்ணுங்கள்.

1/2 + 1/3 எவ்வளவு என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 40 பேரில் 15 பேர் 5/6 என்று சரியாக எழுதியிருக்கிறார்கள். 16 பேர் 2/5. 4 பேர் 2/6. 5 பேர் விட்டுவிட்டார்கள். மதிப்பெண் பட்டியலில் மீதி 25 பேருக்கும் ஒரே பூஜ்யம். ஆனால் இவர்கள் மூன்று வகை. 2/5 எழுதியவர்கள் மேலெண்ணைத் தனியே, கீழெண்ணைத் தனியே கூட்டியிருக்கிறார்கள். பின்னம் என்பது ஒரே எண் என்ற எண்ணம் இன்னும் வரவில்லை. இவர்களுக்கு மீ.சி.ம.வை மறுபடி நடத்திப் பயனில்லை. ஒரு காகிதப் பட்டையைப் பாதியாக மடித்து, 2/5-ஐ அதன் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு பாதியைவிடக் குறைவாக எப்படி வரும் என்று அவர்களே கேட்பார்கள். 2/6 எழுதிய நான்கு பேருக்குப் பொதுக் கீழெண் கண்டுபிடிக்கத் தெரிகிறது, மேலெண்ணை அதற்கேற்ப மாற்ற மறந்துவிட்டார்கள். சமானப் பின்னங்களில் பத்து நிமிடப் பயிற்சி போதும். விட்டுவிட்ட ஐந்து பேரின் வரிகளில் 'வி' எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். தாளின் கடைசிக் கேள்விகள் எல்லாம் 'வி' என்றால் அவர்களுக்குப் போதாதது நேரம். இங்கும் அங்குமாக இருந்தால், தெரியாததைத் தொடவே பயப்படுகிறார்கள்.

பல்தேர்வு வினாக்களில் இது இன்னும் எளிது, ஒவ்வொரு தெரிவையும் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று எண்ணினால் போதும். யாருமே எடுக்காத தெரிவு வெறும் இடநிரப்பி. அடுத்த முறை அதற்குப் பதில் பிள்ளைகள் நிஜமாக எழுதும் தப்பை வையுங்கள். 0.4, 0.35 இரண்டில் எது பெரியது என்றால் 35 பெரிது என்பதால் 0.35 என்பார்கள். அது கட்டாயம் ஒரு தெரிவாக இருக்க வேண்டும்.

குழு பிரித்தால் அதற்கு ஆயுளும் குறித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது ஆசிரியர்களுக்குப் பழக்கமானது. ஜூனில் அரும்பு என்று எழுதிய பிள்ளை, யாரும் மறுபடி பார்க்காததால் மட்டுமே டிசம்பரிலும் அரும்பாக இருப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து கேள்வி வைத்துப் பார்த்து நிலையை மாற்றுங்கள். பின்னத்தில் பின்தங்கிய பிள்ளை வடிவியலில் முன்னால் இருக்கலாம். ஆகவே குழு பாடப்பகுதிக்குத்தான், பிள்ளைக்கு அல்ல.

'சிறப்பு வகுப்பு பலன் தந்தது' என்று சொல்லும் முன்

முதல் தேர்வில் கடைசியாக வந்த பத்துப் பேருக்கு மாலை வகுப்பு எடுத்தோம், அடுத்த தேர்வில் சராசரியாக 6 மதிப்பெண் ஏறியது. இதில் ஒரு பகுதி வகுப்பே எடுக்காவிட்டாலும் ஏறியிருக்கும். அன்று காய்ச்சலோடு எழுதியவர், இரவு தூங்காதவர், கேள்வி ஒத்துவராதவர் எல்லாம் அந்தப் பத்துப் பேருக்குள் இருப்பார்கள். அடுத்த முறை அவர்கள் தங்கள் வழக்கமான இடத்துக்குத் திரும்புவார்கள். இதே காரணத்தால் முதல் பத்துப் பேர் சற்றே இறங்கியும் இருப்பார்கள், பாருங்கள். எனவே ஒரே தேர்வை வைத்துப் பிரிக்காமல் கடைசி இரண்டு தேர்வுகளின் சராசரியை வைத்துப் பிரியுங்கள். பின்தங்கியவர்களில் ஒரு பாதிக்கு இந்த மாதமும் மறு பாதிக்கு அடுத்த மாதமும் வகுப்பு வையுங்கள், முதல் பாதியில் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யுங்கள். இடையில் வரும் தேர்வில் இரண்டு பாதிக்கும் உள்ள வித்தியாசம்தான் வகுப்பின் பலன். ஐந்துக்கு ஐந்து பேர் என்னும்போது அந்த வித்தியாசமும் ஆடும், இரண்டு மூன்று பிரிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் உறுதி கூடும்.

வருகைப்பதிவிலும் இதே கவனம் வேண்டும். ஆண்டுச் சராசரி 88 விழுக்காடு என்பது ஜனவரியில் திடீரென்று நின்றுபோன பிள்ளையை மறைத்துவிடும். கடைசி 20 வேலைநாட்களை மட்டும் பாருங்கள். எந்தக் கிழமைகளில் வரவில்லை என்றும் பாருங்கள். திங்கள்தோறும் வராத பிள்ளையின் வீட்டில் காரணம் ஒன்று, தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டில் வேறொன்று. மூன்றாம் நாளே தொலைபேசி போக வேண்டும்.

கல்லூரியில்

மூடுல் போன்ற இணையவழிக் கற்றல் தளங்கள் யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்று பதிவு செய்கின்றன. அந்தச் சொடுக்கு எண்ணிக்கையை நம்பி ஏமாறாதீர்கள். ஒரு மாணவர் பிடிஎஃப்பை இறக்கி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் 60 பேர் படித்த பாடம் பதிவில் ஒருவர் படித்ததாகத்தான் இருக்கும். திறந்தே பார்க்கவில்லை என்று மற்ற 59 பேரையும் கூப்பிட்டுக் கண்டித்தால், நாளை முதல் திறந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றாம் வாரத்தில் முதல் அசைன்மென்ட்டைத் தந்தார்களா என்பதே இதைவிட நம்பத்தக்க அறிகுறி. மூடுலின் வினாடிவினாப் புள்ளிவிவர அறிக்கையில் மேலே சொன்ன இரண்டு எண்களும் தயாராகவே கிடைக்கும். ஆனால் அதன் பிரித்தறியும் எண்ணுக்குக் கணக்கிடும் முறை வேறு. கையால் போட்ட 0.3 எல்லையை அதற்குப் பொருத்த வேண்டாம்.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2007-இல் கொண்டுவந்த 'கோர்ஸ் சிக்னல்ஸ்' என்ற எச்சரிக்கை மென்பொருள், பாடத்தில் தேறும் வாய்ப்பைப் பொறுத்து மாணவருக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குக் காட்டியது. அந்த முறையில் இரண்டு பாடங்கள் படித்தவர்கள் படிப்பை விடாமல் தொடர்ந்தார்கள் என்ற செய்தி உலகம் சுற்றியது. 2013-இல் கல்வித் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த மைக் கால்ஃபீல்டும் ஆல்ஃபிரட் எஸ்ஸாவும் அதை எதிர்த்துக் கேள்வி எழுப்பினார்கள். முதலாண்டிலேயே விட்டுப்போனவருக்கு இரண்டாவது பாடம் எடுக்க வாய்ப்பே இல்லையே! விளக்குக்குப் பதில் கண்ணை மூடிக்கொண்டு சாக்லேட் கொடுத்தாலும், இரண்டு சாக்லேட் வாங்கியவர்கள்தான் அதிகம் தொடர்ந்திருப்பார்கள் என்று எஸ்ஸா கணினியில் ஓட்டிக் காட்டினார். 'இதைச் செய்தவர்கள் தேறினார்கள்' என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும், தேறியவர்களுக்குத்தான் இதைச் செய்ய வாய்ப்பே இருந்ததா என்று கேளுங்கள்.

எச்சரிக்கைப் பட்டியல் போடும்போது எல்லைக்கோட்டை ஆட்பலத்தை வைத்துத் தீர்மானியுங்கள். 200 மாணவர்களில் 20 பேர் தோற்கப்போகிறார்கள், பட்டியல் 40 பேரைக் காட்டுகிறது, அதில் 15 பேர் உண்மையில் தோற்பவர்கள் என்போம். 25 பேருக்கு வீண் எச்சரிக்கை, 5 பேர் தப்பிவிட்டார்கள். பத்து மென்டர்கள் ஆளுக்கு நான்கு பேரிடம் அந்த வாரமே பேச முடியுமென்றால் இது நல்ல பட்டியல். இரண்டே மென்டர்கள் என்றால் எல்லையை இறுக்குங்கள். மாணவரிடம் 'நீ தோற்றுவிடுவாய் என்று கணினி சொல்கிறது' என்று ஒருபோதும் சொல்ல வேண்டாம். 'இரண்டாவது அசைன்மென்ட் வரவில்லையே, என்ன தடங்கல்?' என்று கேட்டால் பதில் வரும்.

பொறியியல் கல்லூரிகளில் கோர்ஸ் அவுட்கம் அட்டெயின்மென்ட் கணக்கை (பாடத்தின் இலக்குகளை மாணவர்கள் எவ்வளவு எட்டினார்கள் என்ற கணக்கு) செமஸ்டர் முடிந்து கோப்புக்காகப் போடுகிறார்கள். முதல் இன்டர்னல் முடிந்ததும் போட்டால் அதே உழைப்பு அந்த மாணவர்களுக்கே பயன்படும்.

வேலையிடத்தில்

பயிற்சித் தளம் '100 விழுக்காடு நிறைவு' என்றால் கடைசிப் பக்கம் வரை யாரோ சொடுக்கினார்கள் என்றே பொருள். 30 நிமிடப் பாடம் 4 நிமிடத்தில் முடிந்ததா, ஒரே கணினியிலிருந்து பத்துப் பேர் அடுத்தடுத்து முடித்தார்களா என்று பாருங்கள். நிஜமான அளவுகோல் வேலையில்தான் உண்டு. பனியன் கம்பெனியில் தையல் பயிற்சி என்றால், 100 பீஸுக்கு எத்தனை ஆல்டர் (திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்) திரும்பி வருகிறது என்று பயிற்சிக்கு முன் நான்கு வாரமும் பின் நான்கு வாரமும் எழுதுங்கள். இன்னும் பயிற்சி பெறாத லைனையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்டைல் மாறினால் இரண்டிலும் ஏறும், அது பயிற்சியின் குற்றமல்ல. பயிற்சித் தேர்வின் மதிப்பெண்ணைச் சம்பள உயர்வோடு கட்டாதீர்கள். கட்டிய மாதமே விடைகள் போனுக்குப் போன் பரவும், அதன்பின் அந்த எண் எதையும் சொல்லாது.

யார் பார்க்கலாம், எவ்வளவு நாள்

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தைகள் என்கிறது, அவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலை அடிப்படை விதியாக வைக்கிறது. அன்றாட நடைமுறையில் இவ்வளவு: ஷீட்டை 'இணைப்பு உள்ள எவரும்' என்று திறந்து வைக்காதீர்கள், மின்னஞ்சல்வாரியாக அனுமதி கொடுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் முழுப் பட்டியலைப் போடாதீர்கள், அவரவர் பிள்ளையின் வரி அவரவருக்கு. சாதி, வருமானம் ஆகியவை இந்தத் தாளில் வேண்டவே வேண்டாம்.

தேர்ச்சியை முடிவு செய்யும் இடத்தில் கணக்கை உட்கார வைக்கவும் வேண்டாம். 2020-இல் கோவிட் காரணமாகத் தேர்வு ரத்தானபோது இங்கிலாந்தில் பள்ளியின் பழைய முடிவுகளைக் கலந்து ஒரு கணக்கு பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவல் கிரேடுகளைத் தீர்மானித்தது. ஆசிரியர்கள் கணித்த கிரேடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு இறக்கப்பட்டது. பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், ஆகஸ்ட் 17 அன்று அதைக் கைவிட்டார்கள். தன் பள்ளி போன ஆண்டு எப்படி இருந்தது என்பதற்கு இந்த ஆண்டுப் பிள்ளை பொறுப்பல்ல.

கல்வியாண்டு முடிந்ததும் மே மாதத்தில் பெயர், எண் உள்ள தாள்களை அழித்துவிடுங்கள். பள்ளிப் பதிவேட்டுக்கு வேண்டியது பதிவேட்டில் இருக்கும். அழிக்கும் முன், ஒவ்வொரு கேள்வியையும் அதன் எளிமை எண், பிரித்தறியும் எண், அதிகம் பேர் எழுதிய தப்பு விடை ஆகியவற்றோடு வேறொரு தாளில் எடுத்துவையுங்கள், மாணவர் பெயர் ஒன்றும் இல்லாமல். ஜூனில் அதே வகுப்புக்கு வரும் ஆசிரியர், பின்னம் நடத்தும் முன்பே 2/5-ஐ எதிர்பார்த்துக் காகிதப் பட்டையோடு வகுப்புக்குள் போவார்.