விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரையைச் சரிபார்ப்பது எப்படி?

இதற்குப் பதவி எதுவும் வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கணக்கு இருந்தால் போதும். பக்கத்தை நீக்கும் உரிமைதான் நிர்வாகிகளுடையது. மற்றதை நீங்களே செய்யலாம். காங்கேயம் பக்கத்து ஊர் மாரியம்மன் கோயிலைப் பற்றி ஒருவர் இப்போதுதான் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: சிறப்புப் பக்கங்களில் 'புதிய பக்கங்கள்' பட்டியலைத் திறங்கள். உச்சியில் இருப்பதை, அதாவது ஆகப் புதியதை, உடனே தொடாதீர்கள். முதலில் 'வரலாறு' பாருங்கள்; கடைசித் தொகுப்பு பத்து நிமிடம் முன்பு என்றால் அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். நீங்கள் குறுக்கே புகுந்தால் தொகுப்பு முரண் (ஒரே பக்கத்தை இருவர் ஒரே நேரத்தில் திருத்தும் சிக்கல்) வந்து அவர் தட்டச்சிட்டது வீணாகலாம். ஒரு நாள் விட்டு வாருங்கள்.

படி 2: அதே பொருளில் பழைய கட்டுரை உண்டா? காங்கேயம், காங்கயம், கோயில், கோவில் என்று எல்லா எழுத்திலும் தேடுங்கள். இருந்தால், புதிய தகவலைப் பழையதில் சேர்த்துவிட்டு, புதுப் பக்கத்தில் #வழிமாற்று இட்டுப் பழைய தலைப்பை இரட்டைப் பகர அடைப்புக்குள் [[ ]] எழுதுங்கள்; திறப்பவரை அது பழைய பக்கத்துக்கு அனுப்பிவிடும்.

படி 3: படியெடுத்ததா? அதிகம் சிக்குவது இங்கேதான். நடை சட்டென்று மாறும் ஒரு வரியை எடுத்து, மேற்கோள் குறிக்குள் வைத்துக் கூகுளில் தேடுங்கள். பதிப்புரிமை உள்ள தல வரலாற்று நூலில் இருந்து வரிக்கு வரி எடுத்திருந்தால், மூலத்தைச் சுட்டியிருந்தாலும் செல்லாது. தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை, எழுதிய சொற்களுக்கு உண்டு. எந்திர மொழிபெயர்ப்பும் உடனே தெரிந்துவிடும்: விசைத்தறி (power loom) 'சக்தித் தறி' ஆகியிருக்கும்.

படி 4: சான்றைத் திறந்து படியுங்கள். இணைப்பு இருப்பதாலேயே அதில் அந்தச் செய்தி இருப்பதாக ஆகாது. மாவட்டப் பெயரில் பலர் தடுமாறுகிறார்கள். காங்கேயம் 1979 வரை கோவை மாவட்டம், பிறகு பெரியார் மாவட்டம் (பின்னாளில் ஈரோடு), 2009 முதல் திருப்பூர். பழைய நூல் 'கோவை மாவட்டம்' என்றால் அது பிழையில்லை. நூலின் ஆண்டைப் பாருங்கள். பிற மொழி விக்கிப்பீடியா சான்றாகாது.

'கேட்ட வரம் தரும் அம்மன்' போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். 'நோம்பி (திருவிழா) பங்குனியில் நடக்கிறது' என்பது சான்றோடு இருக்கலாம்.

படி 5: பகுப்பும் (ஒரே வகைக் கட்டுரைகளைச் சேர்க்கும் பட்டியல்) விக்கித்தரவு இணைப்பும் (பிற மொழிக் கட்டுரைகளோடு இணைப்பது) சேருங்கள். இது இரண்டு நிமிட வேலை.

படி 6: குறை மிச்சம் இருந்தால் வார்ப்புருவை (குறையைச் சுட்டும் அறிவிப்புப் பெட்டி) ஒட்டிவிட்டு ஓடாதீர்கள். ஒரே பக்கத்தில் நான்கு வார்ப்புரு கண்டால் புதியவர் திரும்ப வரமாட்டார். முக்கியமான ஒன்றை இட்டு, அவர் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள்: "வணக்கம்ங்க. கோயில் கட்டுரை பார்த்தேன். கல்வெட்டுச் செய்தி எந்த நூலில், எந்தப் பக்கத்தில் இருக்குதுன்னு சேர்க்க முடியுங்களா?" முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) இட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானே பதியும்.