ஏழு கறி, 16 பக்கம்: வீட்டிலேயே ஒரு தமிழ்ப் படப் புத்தகம்

மொரீசியசில் நம் பிள்ளைகள் பள்ளியில் தமிழ் எழுத்து படிக்கிறார்கள், வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்தும் அவர்கள் புத்தகத்தில் ஒட்டாமல் போவதற்கு ஒரு காரணம், அதில் வரும் வீடும் சாப்பாடும் உறவுகளும் வேறு ஊருடையவை. சொந்த வீடு வருகிற புத்தகம் ஒன்றை இரண்டு மாலைகளில் செய்துவிடலாம்.

தேவையானவை: 120 முதல் 160 ஜிஎஸ்எம் கனமுள்ள ஏ4 தாள் 4, அட்டைக்கு 200 ஜிஎஸ்எம் தாள் 1, 60 செ.மீ. பருத்தி நூல், தடித்த ஊசி, காம்பஸ் முள், கலர் பென்சில். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளில் ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும். வாட்டர் கலர் இந்தத் தாளுக்கும் ஆகாது, சுருங்கிவிடும்.

முதலில் கதை

நான்கு தாளை மடித்தால் 16 பக்கம். முதல் பக்கம் தலைப்பு, கடைசிப் பக்கம் வெறும் இலைக்கு. நடுவில் மிஞ்சுவது எதிரெதிர்ப் பக்கங்களாக 7 ஜோடி. காவடி முடிந்து வாழையிலையில் பரிமாறும் ஏழு கறியும் ஏழுதானே, அதையே கதையாக்குங்கள். ஜோடிக்கு ஒரு கறி, ஒரு வாக்கியம்:

அம்மா பூசணிக் கறி வைத்தார்.
பாட்டி பலாக்காய்க் கறி வைத்தார்.
அத்தை வாழைக்காய்க் கறி வைத்தார்.

மற்றக் கறிகள் உங்கள் வீட்டு வழக்கப்படி. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஆளும் கறியும் மட்டுமே மாறுகின்றன. மூன்றாவது ஜோடிக்குள் பிள்ளை ‘வைத்தார்’ என்பதை எழுத்துக் கூட்டாமலே சொல்லிவிடும்.

நான்காவது ஜோடியில் அடுத்த வீட்டுக் கெவின் வாசலில் நிற்கிறான். எழுத்தில் அவன் பெயரே வரக்கூடாது, படத்தில் மட்டும். ஐந்தில் திண்ணை வரை, ஆறில் இலைக்குப் பக்கத்தில். ஏழில்தான் வாக்கியம்: ‘கெவின் ஏழாவது கறி வைத்தான்.’ பெரியவர்களுக்கு ‘ஆர்’, தோழனுக்கு ‘ஆன்’. மரியாதை விகுதியைத் தனிப்பாடமாக நடத்தத் தேவையில்லை. ‘நாம் எல்லோரும் நண்பர்கள்’ என்று கடைசியில் எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். கரண்டி கெவின் கையில் இருக்கிறது, அது போதும்.

உறவுப் பெயர்களில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கிரியோலில் அத்தையும் சித்தியும் பெரியம்மாவும் ஒரே ‘மத்தாந்த்’. மாமாவும் சித்தப்பாவும் ஒரே ‘தோன்தோன்’. சொல்லை மட்டும் மாற்றி எழுதினால் பிள்ளைக்கு வித்தியாசம் விளங்காது. படத்தில் காட்டுங்கள்: அத்தையும் அப்பாவும் ஒரே மாதிரிச் சட்டைத் துணியில், சித்தியும் அம்மாவும் ஒரே மாதிரிப் பூவோடு. யார் யாருக்கு உடன்பிறப்பு என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். உங்கள் வீட்டில் பாட்டியை வேறு பெயரில் அழைத்தால் அதையே எழுதுங்கள். புத்தகத் தமிழுக்காக அதை மாற்ற வேண்டாம்.

தாளும் பக்க எண்ணும்

பெரும்பாலான ஏ4 தாளில் நார் நீளவாக்கில் ஓடும். நாம் மடிப்பது அதற்குக் குறுக்கே, அதனால் கனத்தாள் மடிப்பில் வெடிக்கும். மை தீர்ந்த பேனாவை ஸ்கேல் வைத்து நடுக்கோட்டில் அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள். பிறகு கரண்டியின் முதுகால் தேயுங்கள்.

நான்கையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, வரைவதற்கு முன்பே மூலையில் பென்சிலால் 1 முதல் 16 வரை எண் போடுங்கள். இதைத் தவிர்த்தால் கதை கலைந்துபோவது நிச்சயம். பிரித்துப் பார்த்தால் முதல் தாளின் வெளிப்புறம் 16, 1. உட்புறம் 2, 15. இரண்டாம் தாள் 14, 3, 4, 13. மூன்றாம் தாள் 12, 5, 6, 11. நான்காம் தாள் 10, 7, 8, 9. ஒரே முகத்தில் உள்ள இரண்டு எண்ணையும் கூட்டினால் 17 வரவேண்டும்.

இதில் 8, 9 மட்டுமே ஒரே தாளின் ஒரே முகத்தில் அடுத்தடுத்து வருகின்றன. கெவின் வாசலில் நிற்கும் பெரிய படம் அங்கேதான் விழுகிறது, நல்லதாயிற்று. மற்ற ஜோடிகளில் இலையின் இடப்பாதி ஒரு தாளில், வலப்பாதி வேறு தாளில். எல்லாப் பக்கத்திலும் அடியிலிருந்து 7 செ.மீ. உயரத்தில் மெல்லிய கோடு போட்டு அதன்மேல் இலையை வரைந்தால் மடிப்பில் ஏறி இறங்காது. நுனி இடப்பக்கம் இருக்கட்டும். இலையைத் திருப்பிப் போட்டால் முதலில் கண்டுபிடிப்பவர் பாட்டி. மடிப்பின் இருபுறமும் 1.5 செ.மீ. அளவுக்கு முகமோ எழுத்தோ வேண்டாம்.

எழுத்து

கையால் எழுதுவதே நல்லது, 1 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல். பு, சு, கு என உகரம் ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு வடிவம் எடுக்கும், சிறிதாக எழுதினால் பிள்ளைக்குக் குழப்பம். கணினியில் அடித்தால் யூனிகோட் எழுத்துரு, 28 புள்ளி. இருபுறம் அச்சிடும்போது ‘குறுகிய ஓரம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

தையல்

ஸ்டேப்ளர் வேண்டாம், கடலோர ஈரக்காற்றில் முள் துருவேறி மடிப்பில் பழுப்புக் கறை படியும். அட்டையை வெளியே போட்டு, பழைய தடித்த புத்தகம் ஒன்றைப் பாதியில் திறந்து அதன் பள்ளத்தில் வையுங்கள். மேலிருந்து 4, 10.5, 17 செ.மீ. தூரத்தில், உள்ளிருந்து வெளியே காம்பஸ் முள்ளால் மூன்று துளை.

நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, 8 செ.மீ. நூலை உள்ளே விட்டு. வெளியிலிருந்து மேல்துளை வழியே உள்ளே. உள்ளே நடுவைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே. திரும்ப நடுத்துளை வழியே உள்ளே. இப்போது இரண்டு நுனியும் நீண்ட நூலுக்கு ஆளுக்கொரு பக்கம் இருக்கவேண்டும். அதன்மேல் இரட்டை முடிச்சு. நடுத்துளையில் ஊசி பழைய நூலைக் குத்திவிட்டால் இறுகாது, உருவிவிட்டு மறுபடி தையுங்கள்.

உள்தாள்கள் ஓரத்தில் சுமார் 1 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்கேலும் பிளேடும் வைத்துச் சீவிவிடுங்கள். இரவு முழுக்கக் கனமான பாத்திரத்தின் அடியில். 16-ஆம் பக்கத்தில் வெறும் இலை ஒன்றை மட்டும் வரைந்து விடுங்கள், கறிகளைப் பிள்ளை நிரப்பும்.